பன்னிரண்டு ஷில்லிங்

1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கல்வி இலாகா அமலுக்குக் கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பின்படி, ஏழைகளின் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு வயது கடந்து பயிலும் ஒரு குழந்தை, வருஷத்தில் 200 வேளையாவது வந்து, பரிசோதகர் வரும் நாளன்று அவர் எதிரே நின்று திருத்தமாக வாசித்தால் 2 ஷில்லிங் 8 பென்ஸ். சொல்வதைக் கேட்டு எழுதினால் இன்னுமொரு 2 ஷில்லிங் 8 பென்ஸ். கணக்குப் போட்டு விடை காட்டினால் மீண்டும் அதே தொகை. ஆக 8 ஷில்லிங். சராசரி வருகைக்காகத் தலைக்கு 4 ஷில்லிங் தனியே உண்டு. இரண்டையும் கூட்டினால் ஒரு குழந்தையின் பொருட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கக்கூடிய வருஷ மானியம் அதிகபட்சம் 12 ஷில்லிங். வாசிக்கையில் தடுமாறிய பிள்ளையால் அதில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்துவிட்ட பிள்ளையால் 8 ஷில்லிங்கும் போய்விடும். சர்க்கார் கொடுக்கும் பணத்துக்கும் குழந்தை கற்ற கல்விக்கும் நேர்க்கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட முடியும் என்ற எண்ணம், நான் அறிந்தவரை, இவ்வளவு துல்லியமாகச் சில்லறை சுத்தமாக வேறெங்கும் எழுதிவைக்கப்பட்டதில்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் குழந்தைகளிடத்தில் விரோதம் பாராட்டியவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பரீட்சையைப் பற்றிப் பேசப் புகுகிறவர்களில் பெரும்பாலோர் அதை விதித்தவர்களை மூடர்களாகவோ கொடியவர்களாகவோ சித்திரித்துவிட்டுத் தங்கள் பொறுப்பு அத்துடன் தீர்ந்ததென்று எண்ணிக்கொள்கிறார்கள். 1858-இல் நியமனம் பெற்று 1861-இல் அறிக்கை சமர்ப்பித்த நியூகாஸில் பிரபுவின் கமிஷன் ஒரு மெய்யான குறையைக் கண்டுபிடித்திருந்தது. உபாத்தியாயர்கள் மேல் வகுப்பிலுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரிடத்திலேயே சிரத்தையெல்லாம் வைக்கிறார்கள் என்றும், கீழே இருப்பவர்கள், அதாவது குடும்பத்தின் வறுமையினால் சீக்கிரத்திலேயே வயலுக்கோ ஆலைக்கோ போய்விட வேண்டியவர்கள், எழுத்துக் கூட்டத் தெரியாமலே பள்ளியை விட்டு விலகுகிறார்கள் என்றும் அது சொல்லிற்று. ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே பரீட்சித்து அதன்படி பணம் கொடுத்தால் எந்தக் குழந்தையையும் அலட்சியம் செய்ய எந்த உபாத்தியாயருக்கும் துணிவு வராது என்று தோன்றிய யோசனையில் தர்க்கப் பிழை எதுவும் இருப்பதாக உடனே தெரிவதில்லை. அதைச் சட்டமாக்கிய கல்வி இலாகாவின் உபதலைவர் ராபர்ட் லோ மகா புத்திசாலி. வர்த்தகத்தில் போட்டி எவ்வளவு நன்மை செய்கிறதோ அவ்வளவு நன்மையைப் பள்ளிக்கூடத்திலும் செய்துவிடும் என்று மனமார நம்பியவர். இந்த முறை மலிவாக அமையாவிட்டால் பயனுள்ளதாக அமையும், பயனுள்ளதாக அமையாவிட்டால் மலிவாகவாவது அமையும் என்று அவர் பார்லிமெண்டில் வாதித்தார். இரண்டில் ஒன்று நிச்சயமாகப் பலித்தது: 8 லட்சம் பவுனுக்கு மேலிருந்த மானியம் சில வருஷங்களுக்குள் 6½ லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று.

அதுவரையில் தகுதிப் பத்திரம் பெற்ற உபாத்தியாயருக்கு 1846-இல் செய்த ஏற்பாட்டின்படி சர்க்காரே நேராக ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவந்தது. புதிய விதிகள் அந்தப் பந்தத்தை அறுத்துவிட்டன. மானியம் முழுவதும் பள்ளி நிர்வாகிகளுக்கே போகும். உபாத்தியாயர் தமக்கு வேண்டியதை அவர்களோடு பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மானியத்தில் இத்தனை பங்கு உமக்கு என்று நிர்வாகிகள் ஒப்பந்தம் செய்துகொண்ட இடங்கள் பல. அவ்விடங்களில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் எழுத்துப் பிழை, அன்று மாலையே அல்லாவிடினும் அவ்வருஷ முடிவுக்குள், உபாத்தியாயர் வீட்டு ரொட்டியில் தெரிந்துவிடும். ஒருவருடைய ஜீவனத்தை இன்னொருவருடைய ஞாபகசக்தியோடு முடிச்சுப் போட்டுவிட்டு, அவ்விருவருக்கும் இடையே வாத்ஸல்யம் என்று ஒன்று தானே முளைக்கும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பரீட்சை நாளைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்கலாம். தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். தரை கழுவி, ஜன்னல் துடைத்து, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் உட்கார்த்தியிருப்பார்கள். ஆக்ஸ்போர்டுஷயரின் குக்கிராமம் ஒன்றில் 1880-களில் படித்த ஃப்ளோரா தாம்ஸன், தம் பால்யத்தைக் கதைபோல் சொல்லி 1939-இல் வெளியிட்ட நூலில் இந்த நாளை வர்ணித்திருக்கிறார்: வந்தவர் வயோதிகப் பாதிரியார், அவருடைய பார்வைக்குப் பிள்ளைகள் நடுங்கினதைக் காட்டிலும், அந்தப் பிள்ளைகளை ஆண்டுமுழுதும் நடுங்கவைத்த ஆசிரியை நடுங்கினதுதான் வாசகர் மனத்தில் தங்குகிறது. பரீட்சை ஆறு படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. முதற்படிக் குழந்தை ஓரசைச் சொற்களால் ஆன கதை ஒன்றை வாசிக்க வேண்டும், சொல்லும் எழுத்துக்களைச் சிலேட்டில் எழுத வேண்டும், 20 வரை எண்களை எழுதவும் கண்டு சொல்லவும் வேண்டும். ஆறாம்படிக்குச் செய்தித்தாளில் ஒரு பத்தி. மற்றப் படிகளில் வாசிப்புக்குப் பெரும்பாலும் அந்த வருஷம் பள்ளியில் புழங்கிய புத்தகத்தையே பரிசோதகர் கையில் எடுப்பார். ஒரு வருஷத்துக்கு ஒரு புத்தகம். வருஷமுழுதும் அதே புத்தகம். ஆகவே கெட்டிக்கார உபாத்தியாயர் கண்டுபிடித்த உபாயம் என்னவென்றால், வாசிக்கக் கற்பிப்பதென்ற நீண்ட, நிச்சயமற்ற காரியத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காதால் பாடம் பண்ணிவைத்துவிடுவது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பிழையும் இல்லாமல் ‘வாசித்து’ 2 ஷில்லிங் 8 பென்ஸ் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளைகளைப் பற்றி அக்காலத்தவர் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நோயாளிக் குழந்தைகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டுவந்து பரிசோதகர் முன் நிறுத்தினதாகவும் சொல்லப்படுவதுண்டு. அதற்குச் சிரிக்க முடிவதில்லை.

பரிசோதகர்களிலே ஒருவர் மாத்யூ ஆர்னால்டு. இங்கிலீஷ் கவிகளின் வரிசையில் இடம் பெற்ற அவர் 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து வருஷம் பள்ளிப் பரிசோதகராகவே வயிறு வளர்த்தார் என்பதும், அந்த உத்தியோகத்தை அவர் அவ்வளவாக விரும்பவில்லை என்பதும் தெரிந்த விஷயம். ஆயினும் புதிய விதிகள் வரப்போகின்றன என்றதும், தமக்குச் சம்பளம் கொடுக்கும் இலாகாவின் உபதலைவரையே எதிர்த்து, 1862 மார்ச்சில் ஒரு பத்திரிகையில் பெயர் போடாமல் நீண்டதொரு கண்டனக் கட்டுரையை எழுதினார். அதனால் வேலைக்கே ஆபத்து வரலாம் என்பதை அவர் அறியாதவரல்லர். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு எழுதின ஆண்டறிக்கையில், முன்பு தாம் கண்ட பள்ளிக்கூடங்களோடு ஒப்பிட்டால் இப்போது அவற்றில் ஒரு ஜீவனற்ற தன்மையும் தளர்ச்சியும் மனச்சோர்வும் காணப்படுவதாகக் கூறினார். இது யந்திர சாமர்த்தியத்தால் ஆடும் ஆட்டம் என்றும், இதில் பரிசோதகர்களை உபாத்தியாயர்கள் ஜயிக்கக் கற்றே தீர்வார்கள் என்றும் அவர் முன்கூட்டியே சொன்னது, பின்னர் உலகமெங்கும் எத்தனையோ பரீட்சைத் திட்டங்களுக்குப் பொருந்தியிருக்கிறது.

ஆர்னால்டின் முறையீட்டில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது, அவர் பரிசோதகரின் கதியைப் பற்றிச் சொன்ன பகுதிதான். முன்னெல்லாம் பரிசோதகர் வந்தால் வகுப்பின் போக்கைக் கவனிப்பார், உபாத்தியாயரோடு பேசுவார், இந்தப் பையன் ஏன் பின்தங்குகிறான், அந்தப் பெண்ணுக்கு எதில் நாட்டம் என்று விசாரிப்பார், தமக்குத் தெரிந்த யோசனையைச் சொல்வார். இப்போதோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு காலைப் பொழுதுக்குள் ஒவ்வொருவராக வாசிக்கச் செய்து அச்சிட்ட படிவத்தில் கோடு இழுப்பதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. உபாத்தியாயர் அங்கேதான் நிற்கிறார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. வருஷமுழுதும் அக்குழந்தையோடு பழகி, அதன் வீட்டு நிலை, பிடிவாதம், பயம், எந்தச் சொல்லில் அது தடுக்கும், எதைச் சொன்னால் முகம் மலரும் என்பவற்றையெல்லாம் அறிந்துவைத்திருக்கிற ஒரே மனிதரின் அறிவு அந்த அறையில் சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை. ஏனெனில் அவர் பணத்தில் பாத்தியதை உள்ளவர். பணத்தை அவர் கையோடு கட்டினவர்கள் இலாகாக்காரர்களே; கட்டிவிட்டு, கட்டினதால் அவரை நம்புவதற்கில்லை என்றார்கள்.

பரிசோதகர்களையும் அவர்கள் பூரணமாக நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. இலாகாவின் கொள்கைக்கு மாறாக எழுதப்பட்ட அறிக்கைகள் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டன என்ற குற்றச்சாட்டு 1864-இல் காமன்ஸ் சபையில் எழுந்து, தீர்மானமும் நிறைவேறி, லோ ராஜிநாமாச் செய்தார். பிறகு விசாரித்து அவர்மேல் பழியில்லை என்று தீர்மானத்தை ரத்து செய்தார்கள். அவர் பிறவியிலேயே வெண்மை நோயினர்; கண்பார்வை மிகவும் மங்கல். காகிதங்களைத் தாமே வாசிப்பது அவருக்குப் பெரும் சிரமம். வாசிப்புக்கு விலை போட்டவர் இவர்.

மூன்றே பாடங்களுக்குத்தான் பணம் என்றால் நான்காவது பாடத்துக்கு என்ன கதி என்பது எளிதில் ஊகிக்கக்கூடியதே. பூகோளம், சரித்திரம், இலக்கணம் எல்லாம் பள்ளியை விட்டு ஓசைப்படாமல் வெளியேறின. இலாகா அதைக் கவனித்தது. கவனித்து, 1867-இல் அவற்றுக்கும் மானியம் என்று அறிவித்தது. நோய் எதுவோ அதையே மருந்தாகக் கொடுக்கும் இந்தப் பழக்கம் பரீட்சை இலாகாக்களுக்கு எல்லாத் தேசத்திலும் உண்டு. காலக்கிரமத்தில் கவிதையும் பட்டியலில் ஏறியது: இத்தனையாம் படிக்கு இத்தனை வரி செய்யுள் ஒப்புவித்தால் இவ்வளவு. வரிகள் எண்ணத்தக்கவை, ஒரு பிள்ளைக்குக் கவிதை பிடித்ததா என்பது எண்ணத்தக்கதல்ல, ஆகவே இலாகா எண்ணத்தக்கதை எண்ணிற்று. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. களத்துமேட்டில் மரக்காலோடு உட்காருகிறவனிடம் நெல்லைத்தான் கொண்டு போகலாம், மழையைக் கொண்டுபோக முடியாது.

நமக்கு இது அந்நிய தேசத்துப் பழங்கதை அல்ல. 1854-ஆம் வருஷத்துக் கல்விக் கட்டளையினால் இந்தியாவில் உதவி மானிய முறை ஏற்பட்டு, 1860-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக் கல்வி இலாகா, தேர்ச்சிக் கணக்குக்கு ஏற்பப் பணம் தரும் ‘ரிஸல்ட் கிராண்ட்’ முறையைக் கீழ்ப்பள்ளிகளுக்கு நீட்டிற்று. நாட்டுப்புறத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களைச் சர்க்காரின் கண்காணிப்புக்குள் இழுப்பதற்கு இதைவிட எளிய கயிறு அவர்களுக்கு அகப்படவில்லை. உபாத்தியாயரே, நீர் உம்முடைய திண்ணையிலேயே இரும். அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளும், வருகைப் பதிவேடு எழுதும், வருஷத்துக்கு ஒருமுறை வருகிற இன்ஸ்பெக்டரிடம் பிள்ளைகளைக் காட்டும். தேறின தலைக்கு இவ்வளவு பணம் தருகிறோம் என்பது பேரம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பொற்காலமாக வர்ணிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே இருந்தன. ஊரில் பாதிப்பேருடைய குழந்தைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே கிடையாது. சட்டாம்பிள்ளையின் கொடுமை உபாத்தியாயரின் கொடுமைக்கு இளைத்ததல்ல. அதுவும் நெட்டுருப் போடும் இடமேயாகும். ஆனால் அந்த நெட்டுருவுக்கும் இன்ஸ்பெக்டருக்காகப் போட்ட நெட்டுருவுக்கும் பெருத்த வேற்றுமை உண்டு. எண்சுவடியைப் பாடம் பண்ணினவன் அறுபதாம் வயதில் கடைவாசலில் நின்று காணியும் முந்திரியுமாக வாயாலேயே கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனான். அது ஆயுளுக்கு என்று போட்ட பாடம். இன்ஸ்பெக்டருக்கென்று போட்ட பாடத்தின் ஆயுள் அவருடைய மாட்டுவண்டி ஊர் எல்லையைத் தாண்டும் வரையில்தான். மேலும் உபாத்தியாயருக்குப் படியளந்தது ஊர். அறுவடையில் நெல், நவராத்திரியில் பிள்ளைகள் மானம்பூப் பாட்டுப் பாடி வீடுவீடாகச் சென்று வாங்கிவரும் காசு, கல்யாணத்தில் வேஷ்டி என்று அவருடைய வரும்படி வந்தது. அது அற்பம்தான்; நிச்சயமில்லாததுந்தான். ஆனால் இந்தப் பையன் இன்றைக்கு இந்தச் சொல்லில் தடுமாறினதால் எனக்கு இவ்வளவு குறைந்தது என்று எந்தப் பையனுடைய முகத்தைப் பார்த்தும் அவர் கணக்குப் போடும்படி அது வைக்கவில்லை. பையன் தேறிவிட்டானா என்று தகப்பனார் கேட்டால், அவர் வாய்ச்சொல்லே சாட்சி.

1882-இல் இந்தியக் கல்வியை ஆராயக் கூடிய ஹண்டர் கமிஷன் ஆரம்பப் பள்ளிகளின் மானியத்தைப் பெரும்பாலும் பரீட்சைப் பயனைக் கொண்டே நிர்ணயிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. இங்கிலாந்தில் உபாத்தியாயர்கள் 1870-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து இருபது வருஷம் போராடினதன் பலனாக, 1890-இல் அந்த முறை பெரும்பாலும் தளர்ந்து அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தது. இந்தியாவில் கர்ஸான் பிரபுவின் சர்க்கார் 1904-ஆம் வருஷத்துத் தீர்மானத்தில்தான் அதைக் கைவிட்டது. எஜமானன் கழற்றிப் போட்டதை வேலைக்காரன் இன்னும் கொஞ்ச காலம் உடுத்திக்கொண்டிருந்தான்.

இவ்வளவு அநுபவம் ஏட்டில் எழுதிவைக்கப்பட்டிருக்க, நூறு வருஷம் கழித்து அமெரிக்கா அதையே புதிதாகக் கண்டுபிடித்தது. 2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்ட சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வருஷமும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை வைத்து, 2014-ஆம் வருஷத்துக்குள் தேசத்துக் குழந்தைகள் அத்தனை பேரும், நூற்றுக்கு நூறும், தேர்ச்சி நிலையை அடைந்துவிட வேண்டும் என்று விதித்தது. அடையாத பள்ளிக்குத் தண்டனை வருஷத்துக்கு வருஷம் ஏறும். கடைசியில் ஆசிரியர்களை மாற்றிப் பள்ளியையே கலைத்து அமைக்கலாம். அட்லாண்டா நகரத்தில் 2009-ஆம் வருஷத்து விடைத்தாள்களில், தப்பான விடையை அழித்துச் சரியான விடையைக் கறுப்பாக்கின அடையாளங்கள் நம்பத்தகாத அளவில் காணப்பட்டன. அழித்தவர்கள் பிள்ளைகள் அல்லர். 44 பள்ளிக்கூடங்களில் 178 கல்வி ஊழியர்கள் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று 2011-இல் மாநில விசாரணை அறிக்கை கூறிற்று. கொள்ளைக் கூட்டங்களை அடக்குவதற்கென்று செய்த சட்டத்தின் கீழ் 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் ஆனார்கள். சமூக விஞ்ஞானி டொனால்டு காம்பெல், ஓர் எண்ணை வைத்து எவ்வளவுக்கெவ்வளவு தீர்ப்புச் செய்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு அந்த எண்ணும் கெடும், அது அளக்கவந்த காரியமும் கெடும் என்று 1970-களிலேயே எழுதியிருந்தார். 2015 டிசம்பரில் புஷ்ஷின் சட்டத்துக்குப் பதில் வேறொரு சட்டம் வந்தது.

நம்முடைய நாட்டில் தலைக்கு இவ்வளவு என்று இப்போது ஒருவரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. சதவீதமே போதுமானதாக இருக்கிறது. ஜனவரி பிறந்த பிறகு ஒரு சர்க்கார் மேல்நிலைப் பள்ளிக்கு மாலை ஐந்தரை மணிக்குச் சென்றால், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்ட வளாகத்தில், பத்தாம் வகுப்பின் ஓர் அறையில் மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அல்லர்; அவர்கள் எப்படியும் தேறுவார்கள். ‘பார்டரில் இருக்கிற பசங்க’ என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொள்ளப்படுகிறவர்கள். அவர்கள் கையில் பாடப்புத்தகம் இராது. ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த ‘மினிமம் மெட்டீரியல்’ இருக்கும். அதில் 35 மதிப்பெண்ணுக்கு வேண்டிய புக் பேக் கேள்விகளும், தவறாமல் வரும் என்று நம்பப்படும் இரண்டொரு நெடுவினாக்களும், ஒரு வரைபடமும், மனப்பாடச் செய்யுளும் அடங்கும். ஆசிரியை ஒரு விடையை முதல் வரியிலிருந்து சொல்கிறாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள், எழுதிக் காட்டுகிறார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன், மிஸ், இதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், அர்த்தம் அப்புறம் பார்க்கலாம்ப்பா, முதல்ல எழுது என்கிறாள். அவள் கடுமையானவள் அல்ல. பல பள்ளிகளில் இந்த வேளைக்குப் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கித் தருவது ஆசிரியர்களின் கைக்காசில்தான். அர்த்தம் சொல்லத் தெரியாதவளும் அல்ல. ஆனால் அடுத்த வாரம் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டுகிற மீட்டிங்கில், சென்ற வருஷம் உங்கள் பள்ளியில் இந்தப் பாடத்தில் எத்தனை ஃபெயில் என்று தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். அதன் பிறகு விளக்கம் கேட்டு மெமோ வரும். தனியார் பள்ளிகள் சிலவற்றில் இந்தச் சங்கடமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரை அழைத்து, உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளி பொருத்தமாக இருக்கும் என்று நயமாகச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி பழுதுபடாமல் நிற்கிறது. அந்தப் பிள்ளை போய்ச் சேருகிற இடம் முற்சொன்ன ஸ்பெஷல் கிளாஸ்.

நியூகாஸில் கமிஷன் குறை கூறினது உபாத்தியாயர்கள் உச்சியில் உள்ளவர்களை மட்டும் பார்க்கிறார்கள் என்று. பரீட்சை அந்தப் பார்வையைக் கீழே இறக்கிற்று, மெய்தான். ஆனால் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறவன்மேல் இறக்கி அங்கேயே ஆணியடித்துவிட்டது. கோட்டுக்கு வெகு தூரம் கீழே இருப்பவனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வெகு தூரம் மேலே இருப்பவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான். ஓர் ஆசிரியர் நாற்பது முகங்களைப் பார்க்கையில், எந்த முகத்தில் பார்வை தங்க வேண்டும் என்பதை அவருக்குப் பதிலாக வேறொருவர், அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் கண்டிராதவர், தீர்மானம் பண்ணிவைத்திருக்கிறார். பரீட்சைக் கொள்கை பள்ளிக்குள் செய்கிற வேலைகளில் இதுவே பெரிதென்று நான் நினைக்கிறேன். நெட்டுருவும் காப்பியும் இதன் பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பரீட்சைக்காக இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திப் பதினொன்றாம் வகுப்பை ஏப்பமிட்ட பள்ளிகளுக்குப் பரிகாரமாக, 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பரீட்சையின் கேட்டுக்குப் பரிகாரம் பரீட்சை. 1867-இல் பூகோளத்துக்குக் கிடைத்த அதே மருந்து. 2025-ஆம் வருஷத்து மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. 2017-இலேயே மாநில ரேங்க் பட்டியலையும் நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் மே மாதத்தில் ஊருக்குள் நடந்தால், பள்ளி முதலிடம், இரண்டாமிடம், இத்தனை சென்டம் என்று பிள்ளைகளின் முகம் போட்ட ஃப்ளெக்ஸ்கள் பள்ளி வாசல்களில் இன்றும் தொங்குகின்றன. 1875-இல் பரிசோதகராகச் சேர்ந்து, பின்னர் ஆரம்பப் பள்ளிகளுக்குத் தலைமைப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911-இல் எழுதின நூலில் இதைத்தான் வருத்தத்தோடு விவரித்தார்: முப்பது வருஷத்து விதி ரத்தானதும் உபாத்தியாயர்களுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, முன்பு பணத்துக்காகச் செய்ததை இப்போது பழக்கத்தால் செய்தார்கள். அந்த யந்திரத்தை ஓட்டினவர்களில் தாமும் ஒருவர் என்பதை அவர் மறைக்கவில்லை.

2020-இல் கொள்ளைநோய் வந்து பரீட்சைகளை நிறுத்திற்று. பரீட்சை இல்லாவிட்டால் ஆசிரியரைத்தானே கேட்க வேண்டும்? தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவேட்டிலிருந்து 20 சதவீதமும் எடுத்து மதிப்பெண் போட்டார்கள். லோவின் விதிப்படி வருகைக்கு மூன்றில் ஒரு பங்கு. நாம் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தோம். மறுவருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு, பத்தாம் வகுப்புப் பரீட்சையிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறையும் உள்மதிப்பீடுமாக 30. நடக்காத பரீட்சைக்குப் பதில் நடந்துமுடிந்த பரீட்சைகளைத் தேடிப் போனார்களே தவிர, இந்தப் பெண்ணை இரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறீர்களே, இவள் எப்படி என்று ஒருவரைக் கேட்பது பெரும்பாலும் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் 2020-இலேயே கேட்டார்கள். ஒவ்வொரு மாணவனும் என்ன தரம் பெற்றிருப்பான், வகுப்பில் எத்தனையாவது இடம் என்று ஆசிரியர்கள் எழுதி அனுப்பினார்கள். அதை அப்படியே நம்புவதற்கில்லை என்று, அந்தப் பள்ளியின் முந்தைய வருஷங்களின் முடிவைச் சேர்த்துக் கணிக்கும் ஒரு சூத்திரத்தில் இட்டு வடிகட்டி, ஆகஸ்டு 13-ஆம் தேதி வெளியிட்டபோது, மேல்நிலைத் தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. சிறிய வகுப்புகளுக்கு மாத்திரம் ஆசிரியர் வாக்கே பெரும்பாலும் நின்றது. சிறிய வகுப்புகள் பணக்காரப் பள்ளிகளில்தான் அதிகம். பிள்ளைகள் லண்டனில் தெருவுக்கு வந்து கத்தினார்கள். நான்கு நாளில், ஆகஸ்டு 17-ஆம் தேதி, சர்க்கார் சூத்திரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு ஆசிரியர்கள் சொன்னதையே ஏற்றது. அவ்வருஷமும் மறுவருஷமும் தரங்கள் முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்கு ஏறின. பரீட்சைகள் திரும்பிவந்து 2023-இல்தான் அவை பழைய மட்டத்துக்கு இறக்கப்பட்டன. பார்த்தீர்களா, ஆசிரியரை நம்பினால் இதுதான் பலன் என்று பலர் சொன்னார்கள். தரம் ஏறினது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் மாணவனின் மதிப்பெண்ணைக் கொண்டே தம்முடைய சம்பளமும் பெயரும் பள்ளியின் ஆயுளும் தலைமுறை தலைமுறையாக அளக்கப்படக் கண்ட ஒரு வர்க்கத்தாரிடம் பேனாவைக் கொடுத்து, நீங்களே போடுங்கள் என்று சொன்னவர்கள், அவர்கள் குறைத்துப் போடுவார்கள் என்று எதைக் கொண்டு எதிர்பார்த்தார்கள்? அந்த மதிப்பெண்ணில் பயம் எவ்வளவு, பிள்ளையின் மேலுள்ள பிரியம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் போட்ட ஆசிரியருக்கே முடியாது.